எந்த ஊர் நீதிமன்றம் என்பதை யார் முடிவு செய்வது?

வேலையிடப் பாகுபாட்டு வழக்குகளில் நிறுவனத் தரப்பின் பதில் மனுவைப் புரட்டிப் பாருங்கள். சம்பவம் வெளியூரிலோ வெளிநாட்டிலோ நடந்திருந்தால், குற்றச்சாட்டுக்கான பதில் பெரும்பாலும் பின்பக்கங்களில்தான் இருக்கும். முன்னால் நிற்பது ஒரே வரி: "இந்த வழக்கை விசாரிக்க இந்த மன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை." அது எடுபட்டுவிட்டால் பாகுபாடு நடந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவே வேண்டியதில்லை. எனக்கு எரிச்சலே இங்கேதான். ஆளை அந்த ஊருக்கு அனுப்பியது நிறுவனம், ஒப்பந்தத்தை எழுதியது நிறுவனம், கடைசியில் "நீ தப்பான ஊரில் வந்து கேட்கிறாய்" என்று சொல்வதும் நிறுவனம்!

1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அராம்கோ எண்ணெய் நிறுவன வழக்கு இதற்கு நல்ல உதாரணம். லெபனானில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் ஹூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்து, 1980-ல் சவுதியின் தஹ்ரானுக்கு மாற்றலாகிப் போனார். 1984-ல் வேலை போயிற்று. இனம், மதம், பூர்விகம் பார்த்து என்னை நடத்தினார்கள் என்று வழக்குப் போட்டார். வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் வெளிநாட்டுக்கும் பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லவில்லை, ஆகவே பொருந்தாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்ற இடத்துக்கே வழக்கு போகவில்லை.

அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அமெரிக்க நிறுவனத்துக்காகவோ அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனத்துக்காகவோ வெளிநாட்டில் வேலை பார்க்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் இனி பாதுகாப்பு உண்டு. நல்லதுதான். ஆனால் 'குடிமக்கள்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அமெரிக்க நிறுவனத்தின் இந்தியக் கிளையில் வேலை பார்க்கும் இந்தியருக்கு அந்தச் சட்டம் கை கொடுக்காது. சரி, இந்தியச் சட்டம் இருக்கிறதே என்றால், தனியார் துறையில் எல்லா வகைப் பாகுபாட்டையும் தழுவும் ஒரே பொதுச் சட்டம் இங்கே இல்லை. ஊதியத்தில் ஆண் பெண் பாகுபாடு, மாற்றுத்திறனாளி உரிமை, பாலியல் தொல்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம். இவற்றுக்கு நடுவில் விழுந்தவர் விழுந்தவர்தான்.

பிரிட்டனில் வேறு கணக்கு. 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் எந்த எல்லை வரை செல்லும் என்று வேலைவாய்ப்பு விஷயத்தில் சொல்லவே இல்லை. பிரிட்டனோடு வேலைக்கு எவ்வளவு வலுவான தொடர்பு இருக்கிறது என்று நீதிமன்றங்களே பார்த்து முடிவெடுக்கின்றன. லிபியாவில் 28 நாள் வேலை, அப்புறம் 28 நாள் இங்கிலாந்தின் பிரஸ்டனில் வீடு என்று மாறி மாறி இருந்த ஒருவர், நியாயமற்ற பணிநீக்கம் என்று பிரிட்டனிலேயே வழக்கு நடத்தலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2016-ல் பிரிட்டன் ராணுவத்துக்கு வேலை பார்த்த ஆப்கன் மொழிபெயர்ப்பாளர்கள், ஈராக்கில் இதே வேலை பார்த்தவர்களுக்குத் தந்ததைவிட எங்களுக்குக் குறைவாகத் தருகிறீர்கள் என்று போனபோது, சமத்துவச் சட்டம் அவர்கள்வரை நீளாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. தலைமையகத்திலிருந்து போனவருக்குத் தொடர்பு உண்டு, உள்ளூரில் எடுத்த ஆளுக்கு இல்லை. இந்த 'தொடர்பு' அளவுகோல் யாருக்காக வெட்டிய சட்டை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நாடு தாண்டினால்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு தனியார் வங்கி ஊழியர்கள் தொடர்பான தீர்ப்பு வந்தது. பாட்னாவிலும் டெல்லியிலும் வேலை பார்த்தவர்கள், பணிநீக்கத்தை எதிர்த்து அந்தந்த ஊரில் வழக்குப் போட்டார்கள். பணி ஒப்பந்தத்தில் மும்பை நீதிமன்றம் மட்டுமே என்று இருந்தது. அந்த ஷரத்து செல்லும், மும்பைக்குப் போங்கள் என்றது நீதிமன்றம். அது பாகுபாட்டு வழக்கு அல்ல. ஆனாலும் அதே ஷரத்தை எடுத்து நாளை பாகுபாட்டு வழக்கிலும் நீட்ட மாட்டார்களா? வேலையை இழந்தவர் வாய்தாவுக்கு வாய்தா ரயில் டிக்கெட் எடுத்து மும்பை போய் நிற்பாரா? ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்போது சம்பளத்தைப் பார்ப்போம், சேரும் தேதியைப் பார்ப்போம். கடைசிப் பக்கத்து ஷரத்தை அடித்துவிட்டு யாராவது கையெழுத்துப் போட முடியுமா?

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சரியாகவே யோசித்திருக்கிறது. ஊழியர் வழக்கமாக வேலை செய்யும் இடத்திலோ நிறுவனம் இருக்கும் இடத்திலோ, எது வேண்டுமோ அங்கே வழக்குப் போடலாம். தகராறு வருமுன்பே எழுதி வாங்கிய நீதிமன்ற ஷரத்தை வைத்து அந்த உரிமையைப் பறிக்க முடியாது. இங்கேயும் இதுதான் வேண்டும் என்பது என் கருத்து. பத்து ஊரில் வழக்கு வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று நிறுவனங்கள் கேட்கும். பத்து ஊரில் கிளை திறக்கும்போது வராத கஷ்டமா?

இந்தியாவின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. 2013-லேயே வேலை நிமித்தம் போகும் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடம்தான் என்று எழுதிவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் வேறு துறையில் இருந்தாலும், பாதிக்கப்பட்ட பெண்ணின் அலுவலகத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழுவே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புகாருக்கு மூன்று மாதக் கெடு உண்டு, தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதனால் இந்த நிலையில் யாராவது இருந்தால், எந்தக் குழு என்ற வாக்குவாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் அலுவலகக் குழுவிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.