அவன் ஊதாரி இல்லை அத்தை, செலவாளி

போன மாதம் அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு அக்கா மகன் பக்கம் திரும்பியது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. 38 ஆயிரம் ரூபாய்க்குத் தவணையில் ஒரு போன் வாங்கிவிட்டான். "சரியான ஊதாரிப் பய" என்றார் அத்தை. அவர் சாய்ந்து நின்றிருந்தது அஷ்டலட்சுமி செதுக்கிய தேக்குத் தலைவாசலில். அந்தக் கதவு ஒன்றரை லட்சம் என்று காலையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் கடன்தான், பேங்க் கடன். நான் கதவைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "இது சுபச் செலவு கண்ணு" என்றார்.

சுபச் செலவு லேசுப்பட்ட சொல் இல்லை. ஜாதகத்தில் 12ஆம் இடம் விரய ஸ்தானம். ஏழரைச் சனியின் முதல் இரண்டரை வருடத்துக்கு விரயச் சனி என்றே பெயர். எப்படியும் காசு போகத்தான் போகிறது, அதைக் கல்யாணம், வீடு என்று சுப விரயமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பார் ஜோசியர். 'சுப' சேர்ந்ததும் கதவு புண்ணியக் கணக்கில் போய்விடுகிறது. பாவம், போனுக்கு முன்னால் ஒட்டவைக்க அவனிடம் ஒரு சொல்லும் இல்லை.

சாப்பிட்ட வீடு, அங்கே வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த 'ஊதாரி' உறுத்திக்கொண்டே இருந்தது.

கஞ்சனைத் திட்ட நமக்குச் சொல் பஞ்சமே கிடையாது. கருமி, பிசினாறி, கசவஞ்சி, உலோபி, எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். செலவழிக்கிறவன் என்றால் மட்டும் எடுத்த எடுப்பில் ஊதாரி. வேறு சொல் இல்லாமல் இல்லை. செலவாளி என்கிறோம். சம்பாதிக்கிறான், தாராளமாகச் செலவும் பண்ணுகிறான். அதில் குறை பாதி, மெச்சல் பாதி. "நான் கொஞ்சம் செலவாளிங்க" என்று ஒருவர் தன்னைப் பற்றியே சிரித்துக்கொண்டு சொல்லலாம். "நான் ஊதாரிங்க" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓட்டைக் கை வேறு ரகம். ஆயிரம் ரூபாய் எங்கே போனதென்று அவனுக்கே தெரியாது, அனுபவித்தும் இருக்க மாட்டான். டம்பாச்சாரிக்கோ எதிரே ஆள் வேண்டும். பார்க்க யாருமில்லாத இடத்தில் அவன் சல்லிக்காசு எடுக்க மாட்டான். 19ஆம் நூற்றாண்டில் காசி விஸ்வநாத முதலியார் டம்பாச்சாரி விலாசம் என்று நாடகமே எழுதியிருக்கிறார். கதவு விலையைக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவருக்கு என்ன பெயர் என்று நான் சொல்லப்போவதில்லை, அத்தை முகநூலில் இருக்கிறார்.

ஊதாரியில் வேறு ஒன்று இருக்கிறது. அழிக்கும் காசு பெரும்பாலும் அவன் சம்பாதித்ததாக இருக்காது. அப்பன் காசு, தாத்தா நிலம், பெண்டாட்டி நகை. பைபிளில் வரும் இளைய மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கைக் கேட்டு வாங்கி, தூரதேசம் போய் அழித்துவிட்டு வந்தவன். கத்தோலிக்க நண்பர்கள் அவனை ஊதாரி மைந்தன் என்பார்கள். சர்ச்சுக்குப் போகும் மற்ற நண்பர்கள் கெட்ட குமாரன் என்பார்கள். எனக்கு ஊதாரி மைந்தன்தான் சரியாகப் படுகிறது. அவன் செய்தது என்ன என்று அது சொல்கிறது. 'கெட்ட' என்று விட்டால் என்ன கெட்டான் என்றே தெரியாது. (இங்கிலீஷில் அவனைப் பிராடிகல் என்கிறார்கள். அதற்கும் அர்த்தம் ஊதாரிதான். வீடு திரும்பியவன் என்று நினைத்துப் பலர் எழுதுகிறார்கள்.)

அக்கா மகன் மாதம் 3,200 கட்டுகிறான், அவன் சம்பளத்தில். இதுவரை ஒரு தவணை தவறவில்லை. அவன் எப்படி ஊதாரி ஆவான்? அந்தப் போன் அவனுக்கு அவசியமா என்று கேளுங்கள், கேட்கலாம்.

வள்ளுவர் அப்படித்தான் கேட்கிறார். ஆகாறு அளவிட்டிதாயினும் கேடில்லை, போகாறு அகலாக்கடை. வரும் வழி சின்னதாக இருந்தால் பரவாயில்லை, போகும் வழி அதைவிட அகலமாகாமல் இருந்தால் சரி. இந்தக் குறள் இருப்பது வலியறிதல் அதிகாரத்தில். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வருமே, அதே இடம். ஆளைத் திட்டவில்லை, வண்டி தாங்குமா என்று பார்க்கச் சொல்கிறார். ஊருக்கு உதவுவதில்கூட அளவு பார் என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார். கொஞ்சம் கறார்தான்.

செலவு என்ற சொல்லே பாவம், ஒரு காலத்தில் பயணம் என்றுதான் பொருள். சங்கப் பாடல்களில் தலைவன் பொருள் தேடப் புறப்பட்டு, தலைவியை விட்டுப் போக மனம் வராமல் தயங்குவதைச் செலவழுங்கல் என்பார்கள். அன்றைக்குப் பொருளைத் தேடி ஆள் போனான், இன்றைக்கு ஆளை விட்டுப் பொருள் போகிறது. எங்கள் கொங்குப் பக்கம் மளிகைக் கடையில் செலவுச் சாமான் என்றால் மிளகு, சீரகம், மல்லி. செலவு ரசம் குடித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. ஊதாரி என்று ஆண்களைத்தான் சொல்கிறோம். பெண் என்றால் "செட்டு தெரியாதவ", அதாவது சிக்கனம் தெரியாதவள். குடும்பக் காசு அவள் பொறுப்பு, ஆனால் அழிக்கிற உரிமைகூட அவளுக்கு இல்லை போல.

எங்கள் அம்மிச்சிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, செட்டுதான் உயிர். சுருக்குப்பையில் பத்து ரூபாய்த் தாளை எட்டாக மடித்து வைத்திருக்கும். பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மனசு வராமல் நடந்தே போகும். தைப்பூசத்துக்குச் சிவன்மலைத் தேர் பார்க்கப் போனால் மட்டும், பேரன் பேத்தி அத்தனை பேரையும் வளையல் கடை முன்னால் நிறுத்தி, விலையே கேட்காமல் வாங்கித் தரும். பையன்களுக்கு விசில், பலூன். அம்மா ஒரு தடவை தாங்க முடியாமல், "என்னம்மா இப்படி வாரி இறைக்கறே?" என்று கேட்டே விட்டது.

"அட போ கண்ணு, இதுக்குத்தான வருசம் பூரா நடந்தே போறேன்."