4294967297: ஃபெர்மா சறுக்கிய இடம்

4294967297 என்ற எண் 3, 7, 11, 13 எதனாலும் வகுபடாது, பார்த்தால் பகா எண் போலவே இருக்கிறது என்று இந்த எண்ணைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் அதோடு நிறுத்தியது ஏமாற்றம். சுவாரசியமே அதற்கு அப்புறம்தான்.

இது 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 சேர்ந்த எண். அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் இதே வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதை வைத்து, வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பிவிட்டார். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417.

641 வகுக்கும் என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே காட்டலாம். 641 = 5 × 128 + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1. அவ்வளவுதான், 2³² + 1 மீதியின்றி வகுபடும். ஒரே எண்ணை இரண்டு விதமாக உடைத்துப் பார்த்ததில் வேலை முடிந்துவிட்டது!

இதன் பகாக் காரணிகள் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கொள்கிறது. ஃபெர்மா இன்னும் கொஞ்சம் வகுத்துப் பார்த்திருக்கலாம்.

வரிசையில் 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடச் சிக்கவில்லை.