ஆறு மணி வரை என்று எழுதிவிட்டு ஐந்து மணிக்கே மூடுகிறவர்களுக்கு

மணி ஐந்து ஏழு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஓர் எழுத்தாளர் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். வாசல் பலகையில் பெரிய எழுத்தில் 11:00 – 18:00 என்று இருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது, கதவு திறந்திருக்கிறது. உள்ளே போனேன். நடையில் இருந்த இயந்திரத்தில் நாணயம் போட்டு, காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் நீல நிற பிளாஸ்டிக் உறையை வாங்கினேன். குனிந்து வலது காலில் மாட்டியும் விட்டேன். அப்போதுதான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் தலையை ஆட்டினார். "காஸ்ஸா ஸக்ரீத்தா." டிக்கெட் கவுன்டர் மூடியாகிவிட்டது.

ஆறு மணி வரை என்று போட்டிருக்கிறதே என்று பலகையைச் சுட்டிக் காட்டினேன். அவர் எழுந்து வந்து, அதே பலகையின் அடியில் விரல் வைத்தார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு வரி: காஸ்ஸா 17:00 வரை. ஏழு நிமிடம் தாமதம். அருங்காட்சியகம் இன்னும் ஐம்பத்து மூன்று நிமிடம் திறந்திருக்கும், ஆனால் நான் உள்ளே போகக் கூடாது. மறுநாள் காலை எனக்கு விமானம்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கிறாள். மார்ச் கடைசி வாரத்தில் அவளைப் பார்க்கப் போனேன். பகலெல்லாம் அவளுக்கு வகுப்பு, அதனால் நகரத்தை நானே நடந்து பார்த்துக்கொள்வது என்று முடிவு. வழிகாட்டி வேண்டாம், சுற்றுலா பஸ் வேண்டாம். பள்ளிக் காலத்தில், மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்களைச் சில ரூபாய்க்கு வாங்கிப் படித்து வளர்ந்தவள் நான். நேவா நதி, நெவ்ஸ்கி சாலை, மாடிப்படி, கால்வாய்ப் பாலம் எல்லாம் ஐம்பது ஆண்டாக என் தலைக்குள் இருக்கின்றன. அவற்றை என் காலாலேயே அளந்து பார்க்க ஆசைப்பட்டேன். இந்த ஊரும் அதற்கு ஏற்ற ஊர்தான், மேடு பள்ளம் இல்லை.

நோட்டில் வரைந்து வைத்திருந்த வழியைச் சொல்கிறேன். வசீலியெவ்ஸ்கி தீவின் முனையில், 1714-இல் ரஷ்ய மன்னர் மகா பீட்டர் தொடங்கிய குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகத்தில் ஆரம்பம். அரண்மனைப் பாலத்தைக் கடந்தால் ஹெர்மிடேஜ் கலை அருங்காட்சியகம். சதுக்கத்தைத் தாண்டினால் மோய்க்கா ஆற்றங்கரையில் 12-ஆம் எண் வீடு. துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்ட கவிஞர் புஷ்கின் 1837-இல் உயிர் விட்ட இடம் அது. அங்கே கடிகாரம் அவர் இறந்த நேரமான 2:45-இல் நிற்கிறது. பிறகு கால்வாயோரம் இரத்தம் சிந்திய மீட்பர் தேவாலயம், பக்கத்திலேயே மிகாய்லோவ்ஸ்கி அரண்மனையில் ரஷ்ய அருங்காட்சியகம். ஃபொன்தான்கா ஆற்றங்கரையில் கவிஞர் அன்னா அக்மதோவா வாழ்ந்த வீடு. கடைசியாகக் குஸ்னேச்னி சந்தில் தஸ்தயேவ்ஸ்கி 1881-இல் இறந்த வீடு. எல்லாம் சேர்ந்தே சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். உலகத்தில் வேறு எந்த ஊரில் ஐந்து கிலோமீட்டருக்குள் இத்தனை இருக்கின்றன? நடப்பவருக்கென்றே அமைந்த வழி இது. ஆனால் நடந்து வருகிறவரை நினைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கள்கிழமை ஹெர்மிடேஜ் விடுமுறை, குன்ஸ்ட்கமேரா விடுமுறை, தஸ்தயேவ்ஸ்கி வீடு விடுமுறை. செவ்வாய்க்கிழமை ரஷ்ய அருங்காட்சியகமும் புஷ்கின் வீடும் விடுமுறை. புதன்கிழமை ஈசாக் பேராலயமும் மீட்பர் தேவாலயமும் மூடல். மாதத்தின் கடைசி வெள்ளி என்றால் புஷ்கின் வீடு மறுபடி மூடல், கடைசிச் செவ்வாய் என்றால் குன்ஸ்ட்கமேரா மூடல். வாரத்தின் முதல் மூன்று நாளில் எந்த நாள் புறப்பட்டாலும் பூமாலையில் நடுநடுவே பூ உதிர்ந்தது போல வழியில் ஒன்றிரண்டு விட்டுப்போகும். எல்லாம் ஒரே நாளில் மூடிக் கிடக்காமல் இருப்பது நல்லதுதானே என்று மகளின் தோழி ஒருத்தி கேட்டாள். உள்ளூர்க்காரருக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுநூறு மீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த இடம் என்றைக்கு மூடியிருக்கும் என்று ஒரு கதவிலாவது எழுதி ஒட்டியிருக்கிறார்களா? நான் நின்ற எந்த வாசலிலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதது போல ஒவ்வொரு கதவும் தனித்தனியாக நிற்கிறது.

இதையெல்லாம்கூட முன்கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நான் படித்தேன், நோட்டில் கட்டம் போட்டு நாள்வாரியாக எழுதினேன். எழுதி என்ன பயன்? 'சானித்தார்னி தியேன்' என்று ஒன்று இருக்கிறது. சுத்தம் செய்யும் நாள் என்று பொருள். மாதத்தில் ஒரு நாள், பெரும்பாலும் மாதக் கடைசியில், வார விடுமுறை போதாதென்று இன்னொரு நாள் முழுக்க மூடிவிடுவார்கள்.

அன்று காலை அப்படி ஒரு கதவின் முன் நின்றேன். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, இந்தக் குறை ஓரிடத்தோடு நிற்பதில்லை. இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தேன். மார்ச் மாதத்து பீட்டர்ஸ்பர்க்கில் இரண்டு கிலோமீட்டர் என்றால் என்ன என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். பனி பாதி உருகிச் சேறாகிக் கிடக்கும். கூரை விளிம்பிலிருந்து கை நீளத்துக்குத் தொங்கும் பனிக்கட்டி ஈட்டிகளைத் தட்டிவிடுவார்கள், அதற்காக நடைபாதையைச் சிவப்பு வெள்ளைப் பட்டை கட்டி மறித்திருப்பார்கள். நாம் சாலையில் இறங்கி கார்களோடு கார்களாக நடக்க வேண்டும். அப்படி வந்து சேர்ந்தால் கண்ணாடிக் கதவின் உட்புறம் செல்லோடேப் போட்டு ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள். சானித்தார்னி தியேன். ஒரு மூலை பிரிந்து சுருண்டு, தேதியை மறைத்துக்கொண்டிருந்தது. என்றைக்கு என்றுகூடப் படிக்க முடியவில்லை, அன்றைக்கு என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பையன். உரால் மலைப் பக்கத்திலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் வந்தவர்கள், அதே நாட்டுக்காரர்கள், அதே மொழி பேசுகிறவர்கள். அவர்களுக்கும் தெரியவில்லை. பையன் கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்துக் கையை விரித்தார். மொழி தெரியாத வெளிநாட்டுக்காரி என்பதால் எனக்கு நேர்ந்த குறை என்று யாராவது சொல்ல வந்தால், அந்தப் பையனின் மூக்குப் பட்ட கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

"இணையத்தில் முன்பதிவு செய்திருக்கலாமே" என்பார்கள். எதை வைத்துச் செய்வது? 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கி கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ரஷ்யாவில் செல்லாது. அரசியல் காரணங்களுக்குள் நான் போகவில்லை. என் கையில் ரூபிள் நோட்டு இருக்கிறது, கவுன்டரில் நின்றுதான் டிக்கெட் வாங்க முடியும் என்பதுதான் என் நிலை. கைப்பேசி இணையமும் அவ்வப்போது நின்றுபோகிறது. அப்படியென்றால் கவுன்டரையும் கதவில் ஒட்டிய தாளையும் நம்பித்தானே நான் நடக்கிறேன்? அந்தத் தாள் பொய் சொன்னால், அல்லது உண்மையை மூலையில் சுருட்டி வைத்தால், என்னைப் போன்றவர் வேறு எங்கே போய்க் கேட்பது?

"குழுவோடு போயிருக்கலாமே" என்பது அடுத்த அறிவுரை. குழுவுக்கு எல்லாம் நடக்கிறது. அவர்களுக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள், ஏதாவது மூடியிருந்தால் முகவருக்கு முன்னாலேயே செய்தி போய்விடுகிறது, பஸ் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இன்னோரிடத்தில் கவுன்டரில் 'தொழில்நுட்ப இடைவேளை' என்று அட்டையைச் சாத்திவிட்டு எழுந்து போனார்கள். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றோம். பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தது, இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த நேரத்துக்குள் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் நாற்பது பேர் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஓர் அறைக்குள் தனியாக நின்று, யாரும் அவசரப்படுத்தாமல், ஒரு மேசையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பதற்காக ஒருவர் நடந்து வருகிறார். அவர் என்ன, வாசலில் நிற்கவைத்துத் தள்ளிவிடப்பட வேண்டியவரா?

இந்த ஊர்தான் ரஷ்யாவுக்கு அருங்காட்சியகம் என்றால் என்ன என்று காட்டிய ஊர். குன்ஸ்ட்கமேராவில் கட்டணம் வாங்கலாமே என்று பீட்டரிடம் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார், வருகிறவர்களுக்குக் காபியும் மதுவும் கொடுத்து உபசரிக்க ஆண்டுக்கு 400 ரூபிள் ஒதுக்கச் சொன்னார் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. மக்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். பின்னாளில் அதே அருங்காட்சியகத்திலிருந்து அலெக்சாந்தர் மெர்வார்த்தும் அவர் மனைவி லுத்மீலாவும் 1914-இல் புறப்பட்டு, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து, நம் மக்கள் புழங்கிய பொருள்களைச் சேகரித்து, நம் மொழியையும் கற்றார்கள். மெர்வார்த் எழுதிய தமிழ்ப் பேச்சு மொழி இலக்கணம் 1929-இல், அப்போது லெனின்கிராட் என்று பெயர் கொண்டிருந்த இதே ஊரில் அச்சானது. அவ்வளவு தூரம் எங்கள் வாசலுக்கு வந்து எங்களைப் புரிந்துகொள்ள முயன்ற ஊர், நாங்கள் அதன் வாசலுக்கு வரும்போது எத்தனை மணிக்குக் கதவு சாத்தும் என்பதைத் தெளிவாகச் சொல்லக் கூடாதா?

இன்னொன்றை நினைத்தால்தான் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1944 வரை 872 நாள் முற்றுகையில் இந்த ஊர் பட்டினி கிடந்தது. ஹெர்மிடேஜின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை உரால் பக்கம் ரயிலில் அனுப்பிவிட்டார்கள். ஓவியங்கள் போய்விட்டன, சட்டங்கள் மட்டும் சுவரில் தொங்கின. இடிபாடுகளை அகற்ற உதவிய படைவீரர்களை, அங்கே வேலை பார்த்த வழிகாட்டி ஒருவர் அறை அறையாக அழைத்துப்போய், வெறும் சட்டங்களின் முன் நின்று, இதில் இன்ன ஓவியம் இருந்தது, வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து விழும் என்று விளக்கியிருக்கிறார். காட்ட ஒன்றும் இல்லாதபோதும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத ஊர் இது. இதைப் பல ஆண்டு என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இன்று எல்லாம் உள்ளே இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஏழு நிமிடத்துக்காக என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாளை நான் குறை சொல்லவில்லை. என் வயதுதான் இருக்கும். மடியில் பாதி பின்னிய கம்பளிக் காலுறை. ஐந்து மணிக்குக் கணக்கை முடித்துப் பணத்தை எண்ணி ஒப்படைக்க வேண்டும், அதன்பின் ஒரு டிக்கெட் கிழித்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். விதியை எழுதியவர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அவர் எங்கோ ஒரு சூடான அறையில் உட்கார்ந்து பதினெட்டு மணி என்று பெரிதாகவும் பதினேழு மணி என்று சிறிதாகவும் அச்சடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நுழைய முடியாத நேரத்தை ஏன் பெரிதாகப் போடுகிறீர்கள்? வெளியே நிற்பவருக்குத் தேவை கடைசி டிக்கெட் எப்போது என்பதுதான். உள்ளே இருப்பவருக்குத்தான் எப்போது வெளியேற வேண்டும் என்பது தேவை. தெருப்பக்கம் பார்க்கும் பலகையில் தெருவில் நிற்பவருக்கு வேண்டியதை எழுதுங்கள். மாற்ற வேண்டியது இரண்டு எண்களின் அளவு மட்டும். அதற்கு அமைச்சகம் வேண்டுமா, நிதி வேண்டுமா?

மாலை மகள் போனில் சொன்னாள், "அடுத்த முறை வரும்போது முதலில் அங்கேயே போய்விடலாம் அம்மா." அடுத்த முறை என்று ஒன்று எனக்கு எப்போது வரும்? ஓய்வூதியத்தில் எத்தனை மாதம் மிச்சம் பிடித்து அந்த விமானச் சீட்டை வாங்கினேன் என்று அவளுக்குத் தெரியும். நான் பதில் சொல்லவில்லை.

காலில் மாட்டிய நீல உறையைக் கழற்றி, மற்றொன்றோடு சேர்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் போகவில்லை. வீட்டின் முற்றத்தில், குப்பைத் தொட்டிக்கும் உருகும் பனிக் குவியலுக்கும் நடுவில் நின்றேன். மேல்மாடியில் இரண்டு சன்னல்களில் வெளிச்சம் தெரிந்தது. அந்த எழுத்தாளர் உட்கார்ந்து எழுதிய அறை அதுதான், படத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு மேசை விளக்கின் நிழல் திரையில் விழுந்திருந்தது. ஐம்பத்து மூன்று நிமிடத்தில் இரண்டு பேர் வெளியே வந்தார்கள், உள்ளே ஒருவரும் போகவில்லை. சரியாக ஆறு மணிக்கு விளக்கை அணைத்தார்கள்.