'உங்களுக்கு' ஆஃப்லோட் பண்றேன்

போன வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேலதிகாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "அந்த மூணு ஃபைலையும் உங்களுக்கு ஆஃப்லோட் பண்றேன், பார்த்துக்கோங்க." கூடவே ஒரு எக்செல் கோப்பு. திறந்தால் பாதி வரிசைகள் காலி. சில கட்டங்களில் மட்டும் மஞ்சள் நிறம். மஞ்சள் எதற்கு என்று எங்கேயும் ஒரு குறிப்பு இல்லை. திங்கள் காலைக்குள் வேண்டுமாம்.

வேலை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்த 'உங்களுக்கு'தான் உறுத்தியது.

வேண்டாத வேலையை ஒருவரிடம் தள்ளுவதை ஆங்கிலத்தில் 'ஆஃப்லோட்' என்று சொன்னால், பின்னால் 'ஆன்' அல்லது 'ஆன்ட்டு' வரும். உன் மேல் இறக்குகிறேன் என்று அர்த்தம். தமிழுக்குள் கொண்டுவரும்போது அந்த 'மேல்' உதிர்ந்துபோய், அங்கே 'கு' வந்து ஒட்டிக்கொண்டது. நான்காம் வேற்றுமை. இலக்கணத்தில் அதற்குப் பகைப்பொருளும் உண்டுதான், ஆனால் நம் காதில் முதலில் விழுவது கொடைப்பொருள். குழந்தைக்குப் பால், நண்பனுக்குப் புத்தகம், எனக்கு மூன்று ஃபைல். முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டு அதைக் கொடுத்ததுபோலச் சொல்லிவிட முடிகிறது.

ஆங்கிலத்திலும் இது ரொம்பப் பழைய சொல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், டச்சுக்காரர்களின் 'அஃப்லாடன்' என்ற சொல்லை ஒட்டித் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் உருவானது. சரக்கு இறக்குவதுதான் அதன் வேலை. அந்த வேலையை இன்றும் ஒழுங்காகச் செய்கிறது. பெட்டியைப் போட்டுவிட்டுப் பயணி விமானத்தில் ஏறவில்லையென்றால், அந்தப் பெட்டியை ஆஃப்லோட் செய்வார்கள். 1985இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் போய், அதிலிருந்த குண்டு வெடித்து 329 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த விதி இறுகியது. கணினியிலும் பொருத்தமான சொல்தான். பிராசசர் தன் கணக்கை கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தள்ளினால், அந்த சிப் அதற்கென்றே செய்யப்பட்டது. அங்கே 'கு' சரி.

மனிதர்களிடம் வரும்போது தமிழ் நம்மை அப்படி நழுவ விடுவதில்லை. முறையாகக் கொடுத்தால் ஒப்படைக்கிறோம். நமக்கு வேண்டாததைத் தள்ளிவிட்டால் தலையில் கட்டுகிறோம். பழியைச் சுமத்துகிறோம். எந்த வினையை எடுத்தாலும் வாங்குகிறவரை என்ன செய்தோம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். 'ஆஃப்லோட் பண்றேன்' என்றால் என் கை காலியானது மட்டும்தான் தெரிகிறது.

தோழி ஒருத்தி ஒருநாள் இரவு நாற்பது நிமிடம் போனில் அழுதாள். முடிக்கும்போது, "சாரிடி, உன்கிட்ட எல்லாத்தையும் ஆஃப்லோட் பண்ணிட்டேன்" என்றாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவள் துக்கம் சரக்கா? நான் கிடங்கா? மனசில் இருப்பதைக் கொட்டுவதற்கு எந்த மன்னிப்பும் வேண்டாம். தமிழில் 'பொறை' என்றால் சுமையும்தான், பொறுமையும்தான். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில் பேசுகிறவர்கள் நாம்.

சரி, ஃபைல் கதைக்கு வருகிறேன். மூன்றையும் என்னால் முடிக்க முடியவில்லை. ஒன்றைப் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கொடுக்க வேண்டியிருந்தது. பழக்கத்தில் நானும் 'உங்களுக்கு ஆஃப்லோட்' என்றே டைப் செய்துவிட்டேன். அழித்துவிட்டு, "இந்த ஃபைலை உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்" என்று எழுதினேன். எழுதியதுமே விரல் நின்றுவிட்டது. ஒப்படைக்கிறேன் என்றால் அந்த மஞ்சள் என்னவென்று நான் சொல்லியாக வேண்டுமே. அப்புறம்தான் மேலதிகாரிக்கு போன் போட்டுக் கேட்டேன். அவர் இன்னும் சரிபார்க்காத எண்களாம்.