தொறந்து வெச்சா இப்படித்தானாம்!

டிஸ்ப்ளே வரவில்லையா? தொறந்து வெச்சா இப்படித்தான். தொட்டால் ஷாக் அடிக்கிறதா? தொறந்து வெச்சா இப்படித்தான். ரேம் போய்விட்டதா? அதான் தொறந்து வெச்சிருக்கியே! ஓப்பன் ஃபிரேம் கேபினட்டில், அதாவது சுற்றிலும் மூடாத திறந்த சட்டத்தில், ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்த நாளிலிருந்து கடைக்காரர், எலக்ட்ரீஷியன், சர்வீஸ் ஆள், மாமா, எதிர்வீட்டுப் பெரியவர் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு இந்த ஒரே வரியைச் சொல்கிறார்கள். ஒருவராவது குனிந்து உள்ளே பார்த்திருப்பாரா? பார்ப்பதற்கு மூடியைக்கூடக் கழற்ற வேண்டாம், எல்லாம் கண் முன்னாலேயே இருக்கிறது. அப்படியும் பார்க்க மாட்டார்கள்.

ஏன் ஓப்பன் ஃபிரேம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "ஸ்டைலுக்கு வாங்கியிருக்கான்" என்று ஒரு கும்பல் கிளம்பும். நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில். ஏசி கிடையாது. அக்னி நட்சத்திரம் பிறந்தால் வேலூரில் 40 டிகிரி சர்வ சாதாரணம் என்று ஊருக்கே தெரியும். சுற்றியிருக்கும் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரியிலும் விடாமல் கக்கும். அறையே 37, 38 டிகிரியில் கொதிக்கும்போது எவ்வளவு விலை உயர்ந்த கூலர் போட்டாலும், லிக்விட் கூலரே போட்டாலும், பிராசஸர் அந்தச் சூட்டுக்குக் கீழே இறங்காது. காற்றுதானே சூட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும்? அந்தக் காற்றே சூடு என்றால் என்ன செய்ய? இந்த லட்சணத்தில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் விரல் நுழையும் சந்து என்று இப்போது கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் மூடிய கேபினட்டை வாங்கினால், அது தம் போட்ட ஆம்பூர் பிரியாணி அண்டாதான். உள்ளே சுட்ட காற்றே மறுபடி மறுபடி சுற்றும். ஓப்பன் ஃபிரேமில் அந்தத் தொல்லை இல்லை. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் அறைக் காற்றை நேராக இழுக்கிறது, வெளியே தள்ளுகிறது, முடிந்தது.

இது நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. ஆன்டெக் கம்பெனி 2008லேயே ஸ்கெலட்டன் என்ற பெயரில், தலைக்கு மேல் ஒரு பெரிய ஃபேனை வைத்து, சுற்றிலும் திறந்தபடி ஒரு கேபினட்டை விற்றது. ஆனால் இதை யாரிடம் சொல்வது? என் மாமா வந்து பார்த்தவர், நம் ஊர்ப் பழமொழியை எடுத்துவிட்டார். நீரில்லா ஆறு, ராஜா இல்லா கோட்டை, மரமில்லா மலை, சாமி இல்லா கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அந்த வரிசையில் "மூடி இல்லா கம்ப்யூட்டர்" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். மாமா, ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பழமொழியையே நீங்கள் இன்னும் அப்டேட் பண்ணவில்லை, என் கேபினட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

சரி, மாமாவை விடுங்கள், அவர் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு விற்ற கடைக்காரர் கதைக்கு வருகிறேன். கேபினட் பெட்டியைப் பிரித்தால் ஃபிரேம் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, ஸ்டாண்ட்ஆஃப் பாக்கெட் இல்லை. ஸ்டாண்ட்ஆஃப் என்பது மதர்போர்டைத் தகட்டிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் சின்னப் பித்தளைக் கால். ஏடிஎக்ஸ் என்ற முழு அளவு போர்டுக்கு ஒன்பது வேண்டும். அது இல்லாமல் போர்டைத் தகட்டின் மேல் நேராக வைத்தால், அடிப்பக்கம் இருக்கும் சால்டர் முனைகள் அத்தனையும் இரும்பில் பட்டு ஷார்ட் ஆகும். கடைக்குப் போன் போட்டேன். "ஓப்பன் கேபினட்ல அப்படித்தான் சார் வரும், நேரா வெச்சு ஸ்க்ரூ அடிச்சிடுங்க." நேரா வெச்சு! போர்டு விற்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

சரி, நாமே வாங்கிக்கொள்வோம் என்று பஜாரில் போல்ட் நட் கடைக்குப் போனேன். அங்கேதான் தெரிகிறது இது எவ்வளவு பெரிய வம்பு என்று. கம்ப்யூட்டரில் இரண்டு சாதி ஸ்க்ரூ உண்டு. ஒன்று எம்3, மூன்று மில்லிமீட்டர், மெல்லிய மரை. இன்னொன்று 6-32 என்று அமெரிக்க அங்குலக் கணக்கில் வருவது, மூன்றரை மில்லிமீட்டர், அகன்ற மரை. என் ஃபிரேமில் ஓட்டை 6-32. கடையில் இருப்பது எம்3. எம்3ஐ அந்த ஓட்டையில் விட்டால் மரை பிடிக்காமல் லொடலொடவென்று ஆடும். "ஒரு நூல் போல்ட் தரட்டா தம்பி?" என்றார் கடைக்காரர். ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு அங்குலம், மூன்றரைக்குக் கொஞ்சம் குறைச்சல். மரையும் வேறு. அதுவும் பிடிக்காது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் போய் நின்றால் கை நிறைய அள்ளிக்கொண்டு வரலாம், நியாயம்தான். பித்தளைக் கால் வாங்குவதற்கு ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டுமா? கடைசியில் காயலான் கடையில் குவித்திருந்த பழைய கேபினட்டுகளிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். இந்த முழுக் கதையிலும் "மூடி எங்கே" என்று கேட்காத ஒரே மனிதர் அந்தக் காயலான் கடைக்காரர்தான். எடை போட்டார், காசு வாங்கினார், வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எல்லாம் மாட்டி முதல் முறை ஆன் செய்கிறேன். பிராசஸர் ரைசன் 7600, ரேம் டிடிஆர்5. இந்த ஜோடி தெரிந்தவர்களுக்குத் தெரியும், முதல் முறை பவர் கொடுத்தால் போர்டு ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ஓரத்தில் டிராம் என்று எழுதிய இடத்தில் சின்ன ஆரஞ்சு விளக்கு மட்டும் எரியும். ஃபேன் சுற்றும். நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, இப்டி தொறந்துகினு கீது, காத்து பட்டா இது எங்க ஓடும்?" என்கிறார். காற்று படத்தானே ஐயா திறந்தே வைத்திருக்கிறேன்! அவர் பேசி முடிப்பதற்குள் திரை வந்துவிட்டது. அதற்காவது ஒரு "அட" உண்டா? கிடையாது. "பல்லி வுழுந்தா இன்னா பண்ணுவ?" என்று அடுத்த கேள்வி.

பல்லிக்கு வருகிறேன். பல்லி விழும் பயம் நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் பல்லி கதகதப்பைத் தேடிப் போகிற பிராணி, மூடிய கேபினட்டின் பின்பக்கம் ஒரு தகடு கழன்றிருந்தால் போதும், உள்ளே குடித்தனம் வந்துவிடும். மூடிய யுபிஎஸ்ஸுக்குள்ளிருந்து காய்ந்த பல்லியை எடுக்காத மெக்கானிக் யாராவது இந்த மாவட்டத்தில் இருந்தால் கை தூக்கச் சொல்லுங்கள். எனக்கு விழுந்தால் கண்ணுக்காவது தெரியும். தூசியும் அப்படியே. படிகிறது, நிறையவே படிகிறது. தெருவைத் தோண்டியவர்கள் ஒழுங்காக மூடாமல் போனதால் செம்மண் ஜன்னல் வழியாக நேராக வருகிறது. பிரஷ்ஷை எடுத்துத் தட்டி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தால் போய்விடுகிறது. மூடிய கேபினட்டில் அதே தூசி வடிகட்டியில் அடைத்துக்கொண்டு, ஆறு மாசம் கழித்துச் சத்தம் வந்த பிறகுதான் தெரிய வரும். சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது, ஓப்பன் ஃபிரேமில் ஃபேன் சத்தம் அதிகம். உண்மையான குறை அதுதான். அதைப் பற்றி ஒருத்தரும் வாயே திறப்பதில்லை!

அப்புறம் கிராபிக்ஸ் கார்டு. இந்த ஃபிரேமில் கார்டைப் பார்வைக்கு நேராகத் திருப்பி மாட்ட வேண்டும், அதற்கு ரைசர் கேபிள் என்று ஒரு பட்டையான கேபிள் கூடவே வரும். மாட்டினால் திரை கறுப்பு. வந்த சர்வீஸ் ஆள் கார்டைத் தொடவில்லை, கேபிளைத் தொடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஓப்பன்ல வெச்சா கார்டு அடிவாங்கும் சார்" என்று சொல்லிவிட்டு விசிட் சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். விஷயம் என்ன தெரியுமா? போர்டும் கார்டும் பேசிக்கொள்ளும் வழிக்குப் பிசிஐஇ என்று பெயர், கூட வந்த கேபிள் அதில் மூன்றாம் தலைமுறை. போர்டும் கார்டும் நான்காம் தலைமுறை. வேகத்தை ஆட்டோ செட்டிங்கில் விட்டால் அவை இரண்டும் நான்காம் தலைமுறை வேகத்தில் பேச முயலும், கேபிள் அந்த வேகத்தைத் தாங்காது, படம் வராது. 7600 பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் மானிட்டரைப் போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகி, பயாஸ் என்ற போர்டின் செட்டிங்ஸுக்குள் போய், கார்டின் ஸ்லாட்டை ஆட்டோவிலிருந்து ஜென் 3க்கு, அதாவது மூன்றாம் தலைமுறைக்கு மாற்றினேன். கார்டு ஜம்மென்று ஓடுகிறது. என்னுடைய 3060 கார்டுக்கு இதனால் வேகத்தில் சொல்லும்படி வித்தியாசமும் இல்லை. இதே கேபிளை மூடிய கேபினட்டில் போட்டுக் கார்டைத் திருப்பி மாட்டினாலும் இதே கதிதான். மூடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது ஷாக் விஷயத்தில்தான், ஏனென்றால் அது உயிர் விஷயம். ஃபிரேமைத் தொட்டால் விரலில் சுருசுரு என்று ஒரு அதிர்வு. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது. "தொறந்து கெடக்குதுல்ல தம்பி, கரண்ட் லீக் ஆவத்தான் செய்யும்" என்றார். முப்பது வருஷ சர்வீஸாம்! கம்ப்யூட்டருக்குப் பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து பாடிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கு. எர்த் சரியாக இருந்தால் அந்தத் துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் இரும்புப் பாடி 230க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே, 115 வோல்ட்டை ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருசுருப்போடு போகிறது. மூடிய கேபினட்டிலும் இது அப்படியே இருக்கும், அங்கே தொடுவதற்கு இரும்பு இன்னும் அதிகம். நானே மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. ஓட்டை மட்டும் அலங்காரத்துக்கு! வீட்டு ஓனரிடம் சொன்னால், "இத்தனை வருஷமா ஃபிரிட்ஜ் ஓடலியா? உன் பொட்டியை மூடு, எல்லாம் சரியாப் பூடும்" என்கிறார். கடைசியில் வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் போர்டிலிருந்து எர்த் வயர் இழுத்து, வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்த எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிய பிறகு டெஸ்டர் விளக்கு அணைந்தது. ஓனர் வீட்டு ஃபிரிட்ஜையும் ஒரு தடவை டெஸ்டர் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பார்த்திருக்க மாட்டார்.

இதெல்லாம் போகட்டும், இன்னும் தீராத வழக்கு ரேம். இரண்டு 16 ஜிபி குச்சிகளில் ஒன்றில் கோளாறு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஓட்டினால் சிவப்பாகப் பிழைகள் வந்து கொட்டுகின்றன. ஸ்லாட் மாற்றினேன், பிழை ஸ்லாட்டோடு நிற்காமல் குச்சியோடு போகிறது. காட்பாடியில் இருக்கும் நண்பன் வீட்டில், அவனுடைய மூடிய கேபினட்டில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதே பிழைகள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரேமுக்குப் பல கம்பெனிகள் ஆயுள்கால வாரண்டியே கொடுக்கின்றன. கடையில் கொண்டுபோய் வைத்தால், பெட்டியைக்கூடத் திறக்காமல், "ஓப்பன்ல யூஸ் பண்ணா வாரண்டி வராது சார், தூசி போயிருக்கும்" என்கிறார்.

யார் சொன்னது? வாரண்டி அட்டையை அங்கேயே நின்று வரி விடாமல் படித்துக் காட்டினேன். உடைந்திருந்தால் கிடையாது, எரிந்திருந்தால் கிடையாது, தண்ணீர் பட்டிருந்தால் கிடையாது, ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கிடையாது. கேபினட் என்ற சொல்லே அதில் இல்லை. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. அந்த ஓப்பன் ஃபிரேமை எனக்கு விற்றதே இதே கடைதான்! ஒரே பில். முதல் வரியில் கேபினட், நாலாவது வரியில் ரேம், அடியில் 18 சதவீத ஜிஎஸ்டி. ஓப்பனில் வைத்தால் ரேம் கெட்டுவிடும், வாரண்டி வராது என்றால் அந்த இரண்டையும் ஒரே பில்லில் எப்படிப் போட்டீர்கள்? காசு எண்ணும்போது மூடி இல்லை என்று தெரியவில்லையா? இதைக் கேட்டதும் அவருக்குத் திடீரென்று உள்ளே ஏதோ வேலை வந்துவிட்டது. கவுன்டரில் இருந்த பையன் மட்டும், "அண்ணே, நீங்க ஒரு மூடின கேபினட் வாங்கிக்கோங்க, ஓனர்கிட்ட பேசி ரேமை மாத்தித் தரச் சொல்றேன்" என்று மெதுவாகச் சொன்னான். இதற்குப் பெயர் வாரண்டியா, வியாபாரமா?

"ஓப்பன் கேபினட் என்பதால் வாரண்டி இல்லை" என்று அவர்கள் சொன்னதையே எழுத்தில் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. இந்த மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் எதுவும் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மெம்டெஸ்ட் படங்களை எடுத்து வைத்தாயிற்று, காட்பாடி நண்பனின் மூடிய கேபினட்டில் எடுத்ததையும் சேர்த்து. பில் நகலும் தயார். நாளைக் காலையில் முதல் வேலை 1915க்குப் போன் போடுவதுதான்.