எதுக்கு அயித்தை இது?

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் சாந்திக் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள், நம் பக்கம் சேதிக்கா பஞ்சம்! பந்தி முடிந்து பட்டாலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த என் கையிலிருந்து, "குடுங்க அயித்தை" என்று அண்ணன் மகன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர், டேப்லெட்டை வாங்கினார். வாங்கினார் என்ன, எடுத்துக்கொண்டார். 64 ஜிபி தானா, ரேம் இவ்வளவு தானா, நல்லா உங்க தலையில கட்டிட்டான், போன் இருக்கையில உங்களுக்கு எதுக்கு இந்தப் பெரிய போன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சபையில் வேறென்ன செய்ய?

நான் இதைப் படிக்கத்தான் வாங்கினேன். என் பென்ஷனில் வாங்கினேன்.

பத்து நாள் பழகியதில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், ரேம் பேசுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போனில் பழைய புத்தகத்தின் ஸ்கேன் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்து இழுத்து, பக்கம் முடிவதற்குள் என்ன படித்தோம் என்பதே மறந்துவிடும். இந்த 11 அங்குலத் திரையை ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலம் 15 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, உயரம் 23 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. வழக்கமான டெம்மி அளவுப் புத்தகம் 14-க்கு 21½. அதாவது புத்தகத்தின் பக்கம் அதே அளவில் அப்படியே உட்காருகிறது. பெரிய போனாம்!

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பகலில் வளவு முற்றத்துப் பக்கம் வைத்துப் படிக்க முடியவில்லை, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது, தெரிவது என் நரைதான். சரி என்று இரண்டாம் கட்டுக்குப் போனால் வைபை வராது. நம் வீட்டுச் சுவர் கனத்துக்கு முகப்பில் இருக்கும் ரவுட்டர் என்ன செய்யும், பாவம். பெட்டியோடு வந்த சார்ஜர் ஆமை. அதைத் தம்பியும் சொன்னார், அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். அரைக்கிலோவை ஒரு கையில் பிடித்தால் கால் மணியில் மணிக்கட்டு வலிக்கிறது, தலையணை வேண்டும். விரலை வைத்தால் திறக்கும் என்றார்கள், என் விரலுக்குத் திறக்கவில்லை. ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான் அடம்பிடிக்கும். பாத்திரமும் சாக்பீசுமாகத் தேய்ந்துபோன ரேகை. நம்பர் போட்டுத் திறந்துகொள்கிறேன்.

64 ஜிபி போதாதாம். சிஸ்டம் எடுத்தது போக 40-க்கு மேல் இருக்கிறது. ஸ்கேன் புத்தகம் ஒன்று 30 எம்பி என்று வைத்தாலும் ஆயிரத்துக்கு மேல் கொள்ளும். நான் இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன் என்று தம்பி கணக்குப் போட்டிருக்கிறார், தெரியவில்லை.

கண் கெடும் என்கிறீர்களா? சீரியல் பார்த்தால் கெடாத கண்ணா? அடுத்தது.

ஆனால் எனக்கு உறைத்தது கிண்டல் இல்லை. "நான் சரி பண்ணித் தர்றேன்" என்று செட்டிங்ஸுக்குள் போய், நான் பெரிதாக்கி வைத்திருந்த எழுத்தைச் சின்னதாக்கி, தமிழ்99 விசைப்பலகையை எடுத்துவிட்டு, இங்கிலீஷில் அடித்தால் தமிழ் வருகிற ஒன்றைப் போட்டுக் கொடுத்தாரே, அதுதான். "எல்லாரும் இதுலதான் அடிக்கிறாங்க அயித்தை." 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு, ஒரே மெய்யை இரண்டு தட்டுத் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா. 33 வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தியவள், அம்மா என்று எழுத இங்கிலீஷ் எழுத்தைத் தேட வேண்டுமா? அன்று ராத்திரி பழையபடி மாற்ற எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. யாரையும் கேட்கவில்லை.

"பிள்ளை உதவித்தான செஞ்சான், இதுக்குப் போயா" என்று ஆச்சிமார் சிலர் சொல்வீர்கள். கேட்டுச் செய்தால் உதவி. நான் கேட்டேனா?

கோட்டையூர் நமக்குக் கூப்பிடு தூரம். அங்கேதான் ரோஜா முத்தையா புத்தகமும் பத்திரிகையுமாகச் சுமார் ஒரு லட்சம் சேர்த்து வைத்திருந்தார். 1992-ல் அவர் காலமானார், சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, 1994-ல் சென்னையில் நூலகமானது. அது இங்கே இருந்தபோது ஒரு நாள் போய்ப் பார்க்க எனக்கு ஆசை. கேட்டேன். "பொம்பளைக்கு எதுக்கு அங்க?" அவ்வளவுதான். இன்று மதுரைத் திட்டம் என்று தன்னார்வலர்கள் 1998-லிருந்து இணையத்தில் ஏற்றிவைத்த தமிழ் நூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் கிடப்பதும் காசில்லாமல் என் மடிக்கு வருகிறது. இப்போதும் அதே எதுக்கு.

எனக்குச் சீராகப் பரப்பிய சாமான் நாற்பது வருஷமாக அறை நிறைய அடுக்கிக் கிடக்கிறது. எவர்சில்வர் வாளி மட்டும் இரண்டு டஜன், பல வாளியில் கடை ஸ்டிக்கர் கூட உரியவில்லை. அதைப் பார்த்து ஒருவராவது எதுக்கு என்று கேட்டதுண்டா? டேப்லெட் 22,000 ரூபாய். வாளிக் கணக்கை நான் எடுக்கவா?

தம்பி இதைப் படிப்பார், படிக்கட்டும். வெள்ளிக்கிழமை நம் பக்கத்து இனிப்பு, கும்மாயம் கிண்டுகிறேன், வந்தால் அவருக்கு ஒரு கிண்ணம் உண்டு. வரும்போது அந்த வேகமான சார்ஜர் ஒன்று வாங்கி வரட்டும், காசைக் கையில் கொடுத்துவிடுவேன். சார்ஜரை என்னிடம் தந்தால் போதும், நானே மாட்டிக்கொள்வேன்.