விவசாயிகள் வளர்த்த பல்கலைக்கழகம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றதும் நம்மில் பலருக்கு ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும்தான் நினைவுக்கு வரும். இரண்டும் தனியாருடையவை. என்னைக் கேட்டால், உயர்கல்வியில் அந்த நாடு செய்த பெரிய காரியம் அதன் மாநிலப் பல்கலைக்கழகங்கள்தான். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மேடிசன் நகரில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அது வளர்ந்த விதமும், இன்று அதற்கு நடப்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

விஸ்கான்சின் தனி மாநிலமான 1848ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகமும் உருவானது. மறு ஆண்டு முதல் வகுப்பில் 17 மாணவர்கள். பல வருடம் கையில் காசில்லாமல்தான் ஓட்டினார்கள். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம், வேளாண்மையும் தொழிற்கல்வியும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. விஸ்கான்சினுக்குக் கிடைத்தது 2,40,000 ஏக்கர்.

அந்தக் காலத்தில் அங்கே கோதுமை விளைச்சல் சரிந்து, விவசாயிகள் மாடு வளர்ப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பாலை நிறுத்துப் பார்த்து விலை கொடுத்தார்கள். தண்ணீர் கலந்து ஊற்றியவருக்கும் நல்ல பால் கொண்டுவந்தவருக்கும் ஒரே காசு. இதற்கு முடிவு கட்டியவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஸ்டீஃபன் பாப்காக். அளவுக்கோடு போட்ட குப்பியில் பாலோடு கந்தக அமிலம் சேர்த்து, சுற்றவிட்டு, வெந்நீர் ஊற்றினால் கொழுப்பு மேலே வந்து குப்பியின் கழுத்தில் நிற்கும். எவ்வளவு என்று யாரும் படித்துவிடலாம். 1890இல் அதை வெளியிட்ட அவர் காப்புரிமை எடுக்கவில்லை. மக்கள் வரிப்பணத்தில் செய்த வேலை மக்களிடமே போய்ச் சேர்ந்தது. விஸ்கான்சின் பாலுக்கும் சீஸுக்கும் பேர்போன மாநிலமானதில் அந்தக் குப்பிக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு சம்பவம். 1933 பிப்ரவரி, கடும் பனிப்புயல். ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடி கெட்டுப்போய், அதைத் தின்ற மாடுகள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்த காலம். ஒரு விவசாயி செத்த கிடாரி ஒன்றையும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும், அந்தத் தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓட்டி, மேடிசனில் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்துக்கு வந்து நின்றார். அன்று லிங்க்கால் அவருக்கு எந்த உதவியும் செய்ய முடியவில்லை. ஆனால் அவர் குழு அதை விடவில்லை. பல வருட உழைப்புக்குப் பிறகு ரத்தம் உறையவிடாமல் தடுத்த அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் இன்றும் சாப்பிடுகிற அதே மாத்திரை. நம் காசில் நடக்கிற இடம், நமக்கு ஒரு வழி சொல்லும் என்று நம்பி ஒரு விவசாயி வந்தாரே, அந்த நம்பிக்கைதான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் உண்மையான சொத்து.

பல்கலைக்கழகத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேரும்வரை எனக்கு நிறைவில்லை என்று தலைவர் சார்லஸ் வான் ஹைஸ் நூறு வருடங்களுக்கும் முன்னால் சொன்னார். ‘விஸ்கான்சின் ஐடியா’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அமெரிக்காவில் வேலையிழந்தோருக்கான முதல் மாநிலக் காப்பீட்டுச் சட்டம் 1932இல் அங்கேதான் வந்தது. அதன் பின்னால் பேராசிரியர் ஜான் காமன்ஸும் அவர் மாணவர்களும் இருந்தார்கள். மூன்று வருடம் கழித்து நாடு முழுவதற்கும் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை வடிவமைத்த எட்வின் விட்டியும் மேடிசன்காரர்தான்.

இதெல்லாம் சும்மா நடக்கவில்லை. 1894இல் பொருளியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஈலி வேலைநிறுத்தங்களை ஆதரிக்கிறார் என்று மாநிலக் கல்வி அதிகாரியே குற்றம் சாட்டினார். விசாரித்த ஆட்சிக்குழு அவர் மேல் தவறில்லை என்றது. அதோடு நிற்காமல், அஞ்சாமல் சலித்துப் புடைத்துத்தான் உண்மையைக் கண்டறிய முடியும், அதை இந்தப் பல்கலைக்கழகம் என்றும் ஊக்குவிக்க வேண்டும் என்றும் எழுதியது. அந்த வாசகம் இன்றும் வளாகத்தில் உள்ள பாஸ்கம் ஹால் கட்டடச் சுவரில் வெண்கலப் பலகையில் இருக்கிறது.

2015இல் ஆளுநர் ஸ்காட் வாக்கரின் பட்ஜெட் வரைவு, பல்கலைக்கழக நோக்கம் பற்றிய சட்டப் பிரிவிலிருந்து ‘உண்மையைத் தேடுதல்’ என்பதையே எடுத்துவிட்டு, மாநிலத்துக்குத் தேவையான வேலையாட்களை உருவாக்குவதைச் சேர்க்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வரைவில் நேர்ந்த பிழை என்று பின்வாங்கினார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் நிதிவெட்டு நிறைவேறியது. பேராசிரியர்களின் பணிப் பாதுகாப்பும் மாநிலச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. ரத்தம் ஏன் உறையவில்லை என்று வருடக்கணக்கில் தேடியது எந்த வேலைவாய்ப்புக் கணக்கில் வரும்?

அந்த வளாகம் ஹோ-சங்க் என்ற பழங்குடி மக்களின் நிலம் என்பதையும் சொல்ல வேண்டும். 1832 ஒப்பந்தத்தில் அதை அவர்கள் கொடுக்கும்படி ஆனது. பிறகு அவர்களைத் திரும்பத் திரும்ப வெளியேற்றப் பார்த்தார்கள். அவர்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். 2024 முதல் விஸ்கான்சின் பழங்குடியினரின் இளநிலை மாணவர்களுக்குப் படிப்புச் செலவு முழுவதையும் பல்கலைக்கழகம் ஏற்கிறது. நல்ல முடிவு. ஆனால் அந்தப் பணம் மாநில வரியிலிருந்து வரவில்லை, நன்கொடையும் பல்கலைக்கழகத்தின் சொந்த வருவாயும்தான். நிலத்தை வாங்கியது அரசு, அந்தச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.